கோழியும் கிழங்கும் அடுக்கிய கசரோல்: திருகோணமலைக் குசினியிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

டின் சூப் எதுவும் ஊற்றாமல், கோழி, உருளைக்கிழங்கு, பால், மா, பட்டர் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே கசரோல் செய்வது பற்றி உவர்மலையிலும் பாலையூற்றிலும் உள்ள உறவினர்களும் அயலவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே இருக்கின்றன. கேட்டவர்கள் எல்லோருக்கும் கோழிக்கறி கைவந்த சமையல். ஆகவே வெங்காயம் வெட்டுவது எப்படி என்பதை எல்லாம் விட்டுவிட்டு, இந்த உணவு எந்த இடத்தில் காலை வாரும் என்பதையே அதிகம் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் தண்ணீர்தான் காலை வாருகிறது.

கோழி, கிழங்குக் கறிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கறி அடுப்பின் மேல் கண்முன்னே கொதிக்கிறது. தண்ணீர் கூடினால் வற்ற வைக்கலாம், குறைந்தால் அரைக் கோப்பை ஊற்றலாம். கசரோலில் அந்த வசதி இல்லை. அடுக்கி, மூடி, ஓவனுக்குள் வைத்தபின் நாலு பக்கமும் சூடு பட்டுத் தானாக வேகும். நாம் கை வைக்க முடியாது. எனவே ஈரத்தின் கணக்கை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். கோழி நீரை விடும். கிழங்கு அதைக் குடிக்கும். மாவும் கிழங்கின் மாப்பொருளும் மிச்சத்தைப் பிடித்துத் தடிப்பாக்கும். இந்த மூன்றும் ஒத்துப்போனால் வெட்டி எடுக்கும்போது துண்டு துண்டாக நிற்கும். ஒத்துப்போகாவிட்டால் அது கோழி மிதக்கும் பால்தான்.

காரம் மிளகிலிருந்து வருகிறது, அதுவும் அளவோடு. கார்த்திகை, மார்கழியில் வாடை அடித்துக் கடல் கொந்தளிக்கும்போது வள்ளங்கள் கரையில் கிடக்கும். மீன் விலை ஏறும். மழையில் நனைந்து வீட்டுக்கு வருபவர்கள் சூடாக ஏதாவது கேட்பார்கள். எங்கள் ஊரில் இதைச் செய்வதற்கு அதைவிட நல்ல காலம் இல்லை. சித்திரை வெயிலில் ஓவனைப் போட்டுக்கொண்டு குசினியில் நிற்க எனக்குப் பொறுமை கிடையாது.

ஆறு பேருக்கு என்ன அளவு?

எலும்பு நீக்கிய கோழித் தொடை 750 கிராம், உருளைக்கிழங்கு 1 கிலோ, பெரிய வெங்காயம் 2, உள்ளி 5 பல், பட்டர் 60 கிராம், கோதுமை மா 50 கிராம், பால் 600 மில்லிலீற்றர், கோழி எலும்பு அவித்த சாறு 200 மில்லிலீற்றர், மிளகுத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, துருவிய சாதிக்காய் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை ஒரு நெட்டு, விரல் நீள ரம்பை ஒன்று, துருவிய சீஸ் 100 கிராம், ரஸ்க் தூள் 3 மேசைக்கரண்டி.

உப்பை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. கடையில் வாங்கும் பட்டரில் பெரும்பாலும் உப்பு இருக்கிறது, சீஸிலும் இருக்கிறது. கோழிச்சாற்றுக்குக் கடையில் விற்கும் சூப் கட்டி (ஸ்ரொக் கியூப்) போட்டால் அதிலும் இருக்கும். சோஸ் தயாரான பிறகு நாக்கில் வைத்துப் பார்த்துப் போடுங்கள்.

தட்டம் ஏறத்தாழ 33 × 23 சென்ரிமீற்றர். மேசையில் வைக்கும் சிறிய ஓவன் என்றால் தட்டம் உள்ளே போகுமா என்று சமைக்கத் தொடங்கும் முன்பே வைத்துப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், எல்லாம் அடுக்கி முடித்த பிறகு இது தெரியவரும் வீடுகள் இருக்கின்றன.

எந்தக் கிழங்கு வாங்குவது?

சந்தையில் பொதுவாக இரண்டு வகையாகப் பிரித்துச் சொல்வார்கள்: உள்ளூர்க் கிழங்கு, இறக்குமதிக் கிழங்கு. உள்ளூர்க் கிழங்கு என்றால் பெரும்பாலும் நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் கிழங்கு. தம்புள்ளைச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக லொறியில் நம் ஊருக்கு வருகிறது. மண் ஒட்டியிருக்கும், தோல் மெல்லியது, விலையும் கூட. மாசி, பங்குனியில் யாழ்ப்பாணத்துக் கிழங்கும் சில வேளை கிடைக்கும்.

கசரோலுக்கு உள்ளூர்க் கிழங்கே என் தெரிவு. மலைநாட்டில் அதிகம் பயிராகும் கிரனோலா இனம் வெந்தபின்னும் வில்லையாக நிற்கும், அதேவேளை சோஸைத் தடிப்பாக்கும் அளவுக்கு மாப்பொருளும் விடும். இறக்குமதிக் கிழங்கில் இனம் கலந்து வருவதால் ஒரு வில்லை கரைந்துவிடும், பக்கத்து வில்லை நறுக்கென்று இருக்கும். அது மட்டுமே கிடைத்தால் சற்றுத் தடிப்பாக, 5 மில்லிமீற்றர் அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கிழங்குக்கு 3 மில்லிமீற்றர் போதும்.

வெட்டிய கிழங்கைக் கழுவக் கூடாது. பொரியலுக்குக் கழுவிக் கழுவிப் பழகிய கை தானாகவே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போகும், தடுத்துக்கொள்ளுங்கள். அந்த வெள்ளை மாப்பொருள்தான் நமக்கு வேண்டியது. உப்புப் போட்ட கொதிநீரில் 5 நிமிடம் விட்டு வடித்தால் போதும்: கத்தி நுனி உள்ளே இறங்க வேண்டும், வில்லை உடையக் கூடாது.

பச்சை நிறம் ஏறிய கிழங்கில் சொலனின் என்ற நஞ்சு கூடியிருக்கும். ஓரத்தில் சிறிது பச்சை என்றால் ஆழமாகச் சீவி எறியுங்கள். பாதிக்கு மேல் பச்சை என்றால் முழுவதையும் எறியுங்கள். கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் நல்லதல்ல. குளிரில் மாப்பொருள் சீனியாக மாறி, சுடும்போது மேல்பக்கம் அளவுக்கு மீறிக் கறுக்கும். இருட்டான, காற்றுப்படும் கூடையில், வெங்காயத்துக்குத் தள்ளி வையுங்கள்.

கோழியில் எந்தப் பகுதி? ஊர்க்கோழி போடலாமா?

தொடை. நெஞ்சிறைச்சி ஒரு மணி நேரச் சூட்டில் நாராகிவிடும். தொடையில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் இருப்பதால் நேரம் கூடினாலும் மெதுமையாகவே இருக்கும். கடையில் தொடையை எலும்போடு வாங்கி வீட்டில் நீக்கினால் செலவு குறைவு, சாறு காய்ச்ச எலும்பும் கிடைக்கும். எலும்பை நாலைந்து மிளகு, வெங்காயத் துண்டு ஒன்றுடன் 40 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு வடித்தால் சாறு தயார்.

ஊர்க்கோழியின் சுவைக்கு நிகர் கிடையாதுதான். ஆனால் அது ஓவனில் வேகும் நேரத்தில் கிழங்கு களியாகிவிடும். ஊர்க்கோழிதான் வேண்டும் என்றால் முதலில் தனியாக அவித்து, இறைச்சியைப் பிய்த்தெடுத்து, அந்த அவித்த நீரையே சாறாகப் பயன்படுத்துங்கள்.

கோழியைக் கழுவிய பிறகு ஒரு துணியாலோ தாளாலோ ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். ஈரக்கோழி தாச்சியில் வதங்காது, அவியும். சிறிது எண்ணெயில் பெரும் சூட்டில் ஒரு பக்கம் இரண்டு நிமிடம், மறுபக்கம் இரண்டு நிமிடம். நிறம் பிடித்தால் போதும், உள்ளே வேக வேண்டியதில்லை. ஒரேயடியாக எல்லாவற்றையும் கொட்டினால் தாச்சியின் சூடு இறங்கித் தண்ணீர் ஊறும். இரண்டு மூன்று தடவையாகப் போடுங்கள்.

டின் சூப் இல்லாமல் சோஸ் தடிப்பாக வருமா?

தாராளமாக வரும். டின் சூப் செய்கிற வேலையை பட்டரும் மாவும் பாலும் செய்யும், உப்பும் உங்கள் கையில் இருக்கும்.

கோழி வதக்கிய அதே தாச்சியைக் கழுவாமல் எடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பசைதான் இந்தச் சோஸின் உயிர். பட்டரைப் போட்டு, அது நுரைத்து நுரை அடங்கியதும் வெங்காயம், ரம்பை, கறிவேப்பிலை, கடைசியாக உள்ளி. வெங்காயம் கண்ணாடியாக வரும்வரை மெல்லிய நெருப்பு. இப்போது மாவைத் தூவி மரக்கரண்டியால் கிளறுங்கள். முதலில் பச்சை மா மணக்கும். மா சிறு குமிழி விட்டு, தாச்சியின் அடியில் ஈர மணல் மாதிரித் திரளும். இரண்டு நிமிடத்தில் அந்தப் பச்சை வாசம் போய் வறுத்த வாசம் எழும். அந்த வாசம் வரும்வரை பாலை எடுக்கவே வேண்டாம். சோஸில் மா நாறுகிறது என்று சொல்பவர்கள் எல்லோரும் இந்த இரண்டு நிமிடத்தைத்தான் விழுங்கியிருக்கிறார்கள்.

பிறகு கோழிச்சாறு, கரண்டி கரண்டியாக. அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கரைத்துவிடுங்கள். அதன்பின் இளஞ்சூடான பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் கட்டி கரைந்த பிறகே அடுத்ததை ஊற்றுங்கள். நாலைந்து நிமிடம் மெல்லக் கொதித்ததும் கரண்டியின் பின்புறத்தில் சோஸ் படியும். அதில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுவே பதம். மிளகும் சாதிக்காயும் சேர்த்து, ரம்பையை எடுத்துவிட்டு இறக்குங்கள். கட்டி விழுந்துவிட்டால் வடியில் ஊற்றி அழுத்தி வடித்தால் சரியாகும், ஆனால் வெங்காயமும் வடியிலேயே தங்கிவிடும். திரும்ப எடுத்துப் போட மறக்க வேண்டாம்.

பால்மா போதுமா? தேங்காய்ப்பாலில் செய்யலாமா? தயிர்?

பால்மா போதும். 600 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 75 கிராம் கொழுப்பு நீக்காத பால்மா. முதலில் சிறிது இளஞ்சூட்டு நீரில் பசையாகக் கரைத்து, பிறகு மிச்ச நீரை ஊற்றினால் கட்டி விழாது.

தேங்காய்ப்பாலில் செய்தால் அது வேறொரு உணவு, நல்ல உணவு. சாற்றுக்குப் பதிலாக இரண்டாம் பாலை ஊற்றிச் சோஸைக் கொதிக்கவிட்டு, முதற்பாலை அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் பிரியும். அப்படிச் செய்யும்போது சீஸை விட்டுவிடுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது என்பது என் நாக்கின் தீர்ப்பு.

தயிர் வேண்டாம். மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சூட்டில் திரிந்துவிடும், புளிப்பு கிழங்கையும் வேகவிடாது. தக்காளி, தேசிக்காய்க்கும் இதே கதை. புளிப்பு இருக்கும் இடத்தில் கிழங்கின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்ரின் எளிதில் கரைவதில்லை. ஒரு மணி நேரம் சுட்டும் நறுக்கென்று இருப்பதற்குப் பல வேளை இதுவே காரணம். தேசிக்காய் வேண்டுபவர்கள் சாப்பிடும்போது பிழிந்துகொள்ளலாம்.

எப்படி அடுக்குவது, எவ்வளவு நேரம் சுடுவது?

ஓவனை 180 பாகை செல்சியசுக்கு முன்கூட்டியே சூடாக்குங்கள். தட்டத்தில் பட்டர் பூசி, அடியில் ஒரு கரண்டி சோஸ், அதன்மேல் கிழங்கு வில்லைகளில் பாதி, ஒன்றின் ஓரம் மற்றதன்மேல் ஏறும்படி. பிறகு கோழி முழுவதும், சோஸில் பாதி. அதன்மேல் மிச்சக் கிழங்கு, மிச்சச் சோஸ். கோழி நடுவில் இருப்பதற்குக் காரணம் உண்டு: அது விடும் நீர் கீழே இறங்கி அடிக்கிழங்குக்குப் போகும், மேல்கிழங்கு அதைக் காயாமல் மூடி வைத்திருக்கும்.

அலுமினியத் தாளால் இறுக மூடி 35 நிமிடம். தாளை எடுத்து, சீஸும் ரஸ்க் தூளும் தூவி, திறந்தபடி 20 நிமிடம். வெளியே எடுத்து 15 நிமிடம் தொடாமல் விடுங்கள். பசியோடு இருப்பவர்களிடம் இதைச் சொல்வது கடினம், ஆனால் சோஸ் இறுகுவது இந்த நேரத்தில்தான்.

கோழி வெந்துவிட்டதா என்று அறிய நிறத்தை நம்ப வேண்டாம். உணவு வெப்பமானி இருந்தால் நடுத்துண்டில் 74 பாகை காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு துண்டை வெளியே எடுத்துப் பிளந்து பாருங்கள்.

வெட்டும்போது தண்ணீராக ஓடுகிறது. ஏன்?

கோழியை ஈரத்தோடு போட்டிருப்பீர்கள், அல்லது உறைந்த கோழி முழுதாக உருகியிருக்காது. கிழங்கை வடித்த பிறகு ஆவி அடங்கும்வரை வடிதட்டில் விடாதிருந்தாலும் இப்படி ஆகும். லீக்ஸ், காளான் போன்றவற்றை வதக்காமல் சேர்த்தாலும் ஆகும், அவை நீர்ப்பைகள். இப்போது கையில் இருக்கும் தட்டத்தைக் காப்பாற்ற, திறந்தபடி இன்னும் 10 நிமிடம் ஓவனில் விட்டு, பிறகு முழுதாக 15 நிமிடம் ஆறவிடுங்கள். மாவைக் கரைத்து மேலே ஊற்ற வேண்டாம், பச்சையாகவே இருக்கும்.

எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. என்ன செய்வது?

இரண்டு வழி இருக்கிறது. முதலாவது காஸ் அடுப்பு. அடி தடித்த சட்டியில் அடுக்கி, இறுக மூடி, சட்டிக்குக் கீழே ஒரு தோசைக்கல்லை வைத்து, மிகச் சிறிய நெருப்பில் 40 நிமிடம். மேல்பக்கம் சிவக்காது. அதற்குப் பதிலாக ரஸ்க் தூளைப் பட்டரில் தனியாக வறுத்துப் பரிமாறும்போது தூவுங்கள். பிரஷர் குக்கர் வேண்டாம், கிழங்கு மசியலாகிவிடும்.

இரண்டாவது வழி சிரட்டைத் தணல், எனக்குப் பிடித்தது. வீட்டில் கேக் சுட இப்படித்தான் செய்வார்கள், வயதானவர்களைக் கேளுங்கள். சிரட்டையை எரித்து, புகை அடங்கிச் சாம்பல் படிந்த தணலாக வரும்வரை பொறுங்கள். தட்டையான மூடியுள்ள கனத்த சட்டி வேண்டும். தணலில் மூன்றில் ஒரு பங்கு கீழே, இரண்டு பங்கு மூடியின் மேலே. கீழே கூடினால் அடி கரியும், மேலே குறைந்தால் சிவக்காது. பாதி நேரத்தில் மேல்தணலைப் புதிதாக மாற்றுங்கள். ஏறத்தாழ 50 நிமிடத்தில் மூடியைத் தூக்கும்போது சாம்பல் உள்ளே விழாமல் பக்கவாட்டாக எடுக்க ஒரு கை வேண்டும், பழைய துணி வேண்டும், கொஞ்சம் துணிச்சலும் வேண்டும். இதை முற்றத்தில் அல்லது காற்றோட்டமான ஒத்தாப்பில் மட்டும் செய்யுங்கள். மூடிய அறைக்குள் கரித்தணல் விடும் காபனோரொட்சைட்டு உயிரைக் குடிக்கும்.

ஓவன் வாங்க யோசிப்பவர்கள் மின்கட்டணத்தையும் கேட்கிறார்கள். 1500 வாற் ஓவன் ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தால் ஒன்றரை யூனிட். உண்மையில் சூடு ஏறியதும் விட்டு விட்டே எரியும் என்பதால் அதைவிடக் குறையும்.

மிளகாய்த்தூள், கறித்தூள் போடலாமா?

போடலாம், யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் கறித்தூள் போட்டால் பாலும் சாதிக்காயும் காணாமல் போய்விடும். பிறகு எதற்கு இவ்வளவு பாடு? காரம் வேண்டுபவர்கள் மிளகைக் கூட்டுங்கள், அல்லது பச்சை மிளகாய் இரண்டைக் கீறி வெங்காயத்தோடு வதக்குங்கள். பிள்ளைகளுக்குத் தனியாகச் செய்யத் தேவையில்லை, மிளகைப் பாதியாக்கினால் போதும்.

சீஸ் விலை கட்டுப்படியாகவில்லை.

விட்டுவிடுங்கள். ரஸ்க் தூள் 6 மேசைக்கரண்டி, உருக்கிய பட்டர் 2 மேசைக்கரண்டி, நசுக்கிய உள்ளி ஒரு பல். இதைப் பிசறித் தூவினால் மொறுமொறுப்பு சீஸைவிட நன்றாகவே வரும்.

கோழிக்குப் பதிலாக மீன் போடலாமா? வெள்ளிக்கிழமைக்கு மரக்கறியில்?

திருகோணமலையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? அறுக்குளாத் துண்டுகள் நன்றாக இருக்கும். மீன் விரைவில் வெந்துவிடும். எனவே கிழங்கை முக்கால் பதம் வரை அவித்துக்கொண்டு, மொத்தம் 30 நிமிடம் மட்டும் சுடுங்கள். மீனை முன்கூட்டி வதக்க வேண்டாம். சூரை வேண்டாம், பாலோடு சேராது.

மரக்கறிக்கு: வதக்கி நீர் வற்றிய காளான், கரட், அவித்த கடலை. சாற்றுக்குக் கிழங்கு அவித்த நீரையே ஊற்றலாம்.

மிஞ்சியதை எப்படி வைப்பது?

சமைத்த கோழியும் பாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. வெக்கை 32 பாகைக்கு மேல் போகும் நாட்களில், நம் ஊரில் அது அபூர்வமல்ல, ஒரு மணி நேரந்தான். சிறிய பாத்திரங்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். மறுபடி சூடாக்கும்போது சிறிது பால் தெளித்து, நடுவிலும் ஆவி பறக்கும்வரை சூடாக்க வேண்டும். உறைய வைத்தால் கிழங்கு சொரசொரத்து நீர் விடும், நான் வைப்பதில்லை.

மின்வெட்டென்றால், மூடிய குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ நாலு மணி நேரம் குளிரைத் தாங்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட காலத்தில் பாதி அளவு செய்து அன்றைக்கே முடிப்பதுதான் புத்தி.

எதோடு பரிமாறுவது?

ரோஸ்ற் பாண், பச்சையாக வெட்டிய வெள்ளரிக்காய், கரட் சலாது. சோறு வேண்டாம் என்பேன். கிழங்கோடு சோறு கனத்துவிடும். கட்டைச் சம்பல் ஒரு ஓரத்தில் இருந்தால் பெரியவர்கள் முகம் மலரும்.

மகள் கனடாவில் இருக்கிறாள். அங்கே செய்ய என்ன மாற்ற வேண்டும்?

ஓவனில் 350 பாகை பரனைற் வைக்கச் சொல்லுங்கள். கிழங்கில் யூகன் கோல்ட் என்ற மஞ்சள் இனம் வாங்கட்டும். ரஸெற் என்பது கரைந்துவிடும். கோழித் தொடை அங்கே எலும்பு நீக்கியே கிடைக்கும், ஆகவே சாற்றுக்கு எலும்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ரம்பை கிடைக்காவிட்டால் பிரிஞ்சி இலை ஒன்று போடலாம்.

தட்டத்தின் ஓரத்தில் பிடித்த கறுப்பு போகவே மாட்டேன் என்கிறது.

இரும்புக் கம்பியால் உரசாதீர்கள், தட்டம் பாழாகும். சுடுநீர் நிரப்பி, அப்பச்சோடா இரண்டு மேசைக்கரண்டி போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் தேங்காய்த்தும்பால் தேய்த்தால் கழன்று வரும். அலுமினியத் தட்டம் என்றால் சோடா வேண்டாம், கறுத்துவிடும். வெறும் சுடுநீரும் சவர்க்காரமும் போதும்.